வகை வகையாய் வாசிக்க: கோலாலம்பூர் வாசகருக்கு ஒரு முழு வழிகாட்டி

“நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்களேன்” என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் சொல்பவருக்குப் பிடித்த புத்தகம்தான். அது கேட்டவருக்கும் பிடித்துவிட்டால் அதிர்ஷ்டம். பிடிக்காமல் போனால் அந்த வகையே தனக்கு ஒத்துவராது என்று அவர் முடிவுகட்டிவிடுவார். கனமான சரித்திர நாவல் ஒன்றின் 90ஆம் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, அன்றிலிருந்து சரித்திரம் இருக்கும் திசையிலேயே தலைவைத்துப் படுக்காதவர்கள் நம்மிடையே ஏராளம். பழுது சரித்திரத்தில் இல்லை, தேர்ந்தெடுத்த விதத்தில்தான்.

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஓரளவு படிக்கத் தெரிந்த கோலாலம்பூர் வாசகரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். தேவையானவை ஒரு நோட்டுப் புத்தகம், மைகாட், மாதம் 40 வெள்ளி. நூலகத்துக்குப் போகச் சோம்பல்படாதவருக்கு அந்த 40 வெள்ளியும் வேண்டியதில்லை.

1. எது உங்களை இழுக்கிறது என்று பாருங்கள்

நோட்டில் ஐந்து புத்தகங்களின் பெயரை எழுதுங்கள்: கீழே வைக்க மனமில்லாமல் முடித்தவை மூன்று, பாதியில் விட்டவை இரண்டு. அந்த அளவுக்குப் புத்தகம் படித்ததில்லை என்றால் சினிமா, தொலைக்காட்சித் தொடர் எதையாவது போட்டு நிரப்பலாம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் ஒரு வரி. ‘நன்றாக இருந்தது’, ‘போரடித்தது’ என்ற இரண்டு சொற்களுக்கும் இங்கே தடை. அவற்றை வைத்து அடுத்த புத்தகத்தைத் தேட முடியாது.

சியாட்டில் நகர நூலகராக இருந்த நான்சி பேர்ல் ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் உண்டு என்பார்: கதை, ஆள், இடம், மொழி. எழுதிய காரணங்களை இந்த நான்கில் பொருத்திப் பாருங்கள். ‘அடுத்து என்ன ஆகுமோ’ என்று பக்கம் புரட்டினீர்களா? அது கதை வாசல். முடித்த பிறகும் அந்த மனுஷியோடு மனத்துக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்களா? ஆள் வாசல். மழை பெய்த தோட்டத்து லயமும் ரப்பர்ப் பால் வாளியின் வாடையும்தான் நினைவில் நிற்கின்றனவா? இடம். ஒரு பத்தியைத் திரும்பப் படித்தீர்கள், யாருக்காவது வாசித்துக் காட்டினீர்கள் என்றால் மொழி. மூன்று புத்தகத்தில் இரண்டுக்காவது ஒரே வாசல் அமையும்.

அலமாரியில் ‘மர்மம்’, ‘சரித்திரம்’, ‘பயணம்’ என்று ஒட்டியிருக்கும் சீட்டு கடைக்காரரின் வசதிக்கானது. வாசல் தெரிந்துவிட்டால் அந்தச் சீட்டுகளை எளிதாகத் தாண்டலாம். கதை வாசல்காரர் துப்பறியும் நாவலிலிருந்து நீதிமன்ற நாவலுக்கும், விண்வெளியில் தனியாக மாட்டிக்கொண்டவனின் அறிவியல் புனைவுக்கும், அங்கிருந்து மலையேற்ற விபத்துகளைப் பற்றிய உண்மைக் கதைகளுக்கும் ஒரே மூச்சில் போவார். ஆள் வாசல்காரருக்குக் குடும்ப நாவல், தன்வரலாறு, கடிதத் தொகுப்பு. இடம் பிடித்தவருக்குப் பயணக் கட்டுரை, வட்டார நாவல், ஒரு தீவின் சமையல் வரலாறு. காட்டிலோ கைவிடப்பட்ட பங்களாவிலோ நடக்கும் பேய்க்கதையும் அவருக்கு ஒத்துவரும், ஏனென்றால் அங்கே பயமுறுத்துவதே அந்த இடம்தான். மொழிப் பைத்தியங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவிதை, நகைச்சுவைக் கட்டுரை, பழைய உரைநடை என்று எங்கே விட்டாலும் மேய்ந்துகொள்வார்கள்.

2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

வகை, மொழி, நீளம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மாத நாவலாக வரும் தமிழ் மர்மக் கதையையே படித்துவந்தவர், யாரோ சொன்னார்கள் என்று 700 பக்க ஆங்கில மாயாஜாலக் கதையைக் கையில் எடுப்பார். இரண்டு வாரத்தில் அது மெத்தைக்கடியில் போய்விடும். புதிய வகை என்றால் பழகிய மொழியில், சிறிய நூலாக இருக்கட்டும். சிறுகதைத் தொகுப்போ 80 முதல் 150 பக்கக் குறுநாவலோ சரியான அளவு. அந்த வகையின் ‘மாபெரும் காவியம்’ நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வரலாம்.

உங்கள் வேகத்தை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். டெம்மி அளவுத் தமிழ்ப் புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்து நேரம் குறியுங்கள். 18 நிமிடம் ஆனது என்று வைப்போம். எல்ஆர்டியில் 25 நிமிடப் பயணத்துக்கு ஏறக்குறைய 14 பக்கம். போக வர 28. ஐந்து வேலை நாளில் 140. அதாவது குறுநாவல் ஒரே வாரம். இதே கணக்கில், ஐந்து பாகமும் சேர்ந்து 2,000 பக்கத்தைத் தாண்டும் ‘பொன்னியின் செல்வன்’ 14 வாரத்துக்கு மேல் இழுக்கும். 1950 முதல் 1954 வரை வாரத் தொடராக வந்ததால் அதில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி மாட்டியிருக்கும். அப்படிப்பட்ட நாவலைப் பக்கக் கணக்கில் படிக்காமல் ஒரு அமர்வுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அலுப்புத் தட்டாது.

எந்த வகையை எந்த மொழியில் தொடங்குவது? சரித்திர நாவல், வட்டார நாவல், நகைச்சுவை மூன்றும் தமிழில் செழிப்பு. காமிக்ஸும் அப்படியே: 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் வந்த லயனும் ஐரோப்பியச் சித்திரக் கதைகளைத் தமிழில் தருபவை, பெரியவர்களும் கூச்சமில்லாமல் படிக்கலாம். அறிவியல் புனைவில் தமிழில் தேர்வு குறைவு, ஆங்கிலத்துக்குப் போவதே மேல். திகிலுக்கு மலாய் என்போம். 2011இல் தொடங்கிய ஃபிக்ஸி பதிப்பகத்தின் நாவல்கள் நகரத்துப் பேச்சு மலாயில் இருக்கும். எஸ்பிஎம்மோடு மலாய்ப் புத்தகத்தை மூடிவைத்தவருக்கும் பத்துப் பக்கத்தில் ஓட்டம் பிடிபடும்.

3. நூலகத்தில் தேடும் வித்தை

இடங்கள் இரண்டு: துன் ரசாக் சாலையில் தெங்கோலோக் என்ற மலாய்த் தலைப்பாகை வடிவக் கூரையோடு நிற்கும் தேசிய நூலகம், டத்தாரான் மெர்டேக்காவை ஒட்டிய கோலாலம்பூர் நூலகம். இந்திய ஆய்வியல் துறை இருப்பதால் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் தமிழ் நூல்கள் உண்டு, வெளியாள் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழ் நூல் எதுவும் இல்லை என்று வெறுங்கையோடு திரும்புபவர்களில் பலர் எழுத்துக்கூட்டலில் தோற்றவர்கள். நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில் இருப்பது வழக்கம், அதுவும் நாம் வாட்சாப்பில் தட்டுகிற மாதிரி இல்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த ஒலிபெயர்ப்பு முறை ஒலியைப் பார்க்காது, எழுத்தைத்தான் பார்க்கும். மனத்தில் வைக்க வேண்டியவை இவை:

ச எங்கே வந்தாலும் ‘சினிமா’வின் சி, எஸ் போட்டால் கிடைக்காது. ‘செல்வன்’ எஸ்ஸில் தொடங்கித் தேடி ஏமாந்தவர்கள் சி போட்டுப் பார்க்கலாம்.
க எப்போதும் கே. ‘சங்கம்’ என்பதிலும் ஜி கிடையாது.
த, ட இரண்டுக்கும் ‘டிக்கெட்’டின் டி மட்டும். பின்னால் எச் சேராது, ‘டாக்டர்’ டியும் வராது.
ப என்றால் ‘பேப்பர்’ பி. ‘பஸ்’ பி வராது.
ல, ள, ழ மூன்றுமே எல், இசட்-எச் கூடாது. ர, ற இரண்டும் ஆர்.
நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்க வேண்டாம். ஆ என்றாலும் ஒரே ஏ. மேலே கோடு, கீழே புள்ளி எல்லாம் தேடும்போது தேவைப்படாது.

ஆக ‘சிறுகதை’யைத் தேட சி, ஐ, ஆர், யு, கே, ஏ, டி, ஏ, ஐ என்று தட்ட வேண்டும். ‘நாவல்’ என்று தட்டினால் கடற்படை பற்றிய ஆங்கில நூல்கள் படையெடுத்து வரும், இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றே! மொழி என்ற வடிகட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால் கப்பல்கள் விலகிவிடும்.

கணினி சரிப்படவில்லையென்றால் நேரே அலமாரிக்குப் போங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூவி தசம முறையில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அதன் பின்னால் 1 வந்தால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை, 4 கட்டுரை. பலரும் தவறவிடுவது மொழிபெயர்ப்புகளைத்தான். தமிழில் அச்சானாலும் மூலமொழியின் எண்ணோடு அவை போய்விடும். மலையாள நாவலின் தமிழாக்கம் 894.812இல், கன்னடம் 894.814இல், ருஷ்ய நாவல் 891.73இல், ஜப்பானியம் 895.63இல் இருக்கும். கதையல்லாதவை வேறு மூலைகளில்: பயணம் 910, வாழ்க்கை வரலாறு 920, சமையல் 641.5, மலேசிய வரலாறு 959.5. சில நூலகங்கள் தமிழ் நூல்களை மொத்தமாக ஒரே அலமாரியில் தனியாக வைப்பதும் உண்டு.

ஆகவே கேட்டுவிடுவதே சுருக்குவழி. சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகள் உலகம் முழுக்கப் பாடமாகின்றன. ‘வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து’ என்பது நான்காம் விதி. கேட்பவருக்குக் கூச்சம் வேண்டாம், வழிகாட்டுவது அவர்கள் தொழில். “புவான், கொலெக்‌ஷி பஹாசா தமிழ் டி மானா?” போதும்.

அலமாரி கிடைத்ததும் ஐந்து நூல் எடுத்து மேசையில் உட்காருங்கள். நான்கு பழகிய வகை, ஒன்று முன்பின் தொடாத வகை. ஒவ்வொன்றிலும் எட்டுப் பக்கம் படித்துவிட்டு இரண்டை மட்டும் எடுத்து வாருங்கள். தவணை முடிவதற்குள் படிக்க முடியாத ஐந்து நூல் வீட்டுக்கு வந்தால் குற்ற உணர்வுதான் மிஞ்சும்.

4. கடையில், சந்தையில்

பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா பக்கம் தமிழ் நூல் விற்கும் கடைகளில் ஆன்மிகம், சோதிடம், சமையல், பள்ளிப் பயிற்சி நூல்கள் முன்வரிசையில் இருக்கும். இலக்கியம் பின்னால், பெரும்பாலும் முதுகு தெரியாதபடி. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். கேட்கும்போது வகையைச் சொல்லாமல் வாசலைச் சொல்லுங்கள்: “அண்ணே, பேயும் வேண்டாம், கொலையும் வேண்டாம். ஆனா ராத்திரி கீழ வைக்க முடியாத மாதிரி, நூத்தைம்பது பக்கத்துக்குள்ள ஏதாவது இருக்கா?” இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

இந்தியப் பதிப்பில் அச்சான ரூபாய் விலையைப் பாருங்கள். ஒரு ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய 20 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய் நூல் 15 வெள்ளி. கடையில் 25 என்றால் கப்பல் கூலியும் வாடகையும் அதில் சேர்ந்திருக்கின்றன, அது நியாயமே. 45 என்றால் நூலகத்தில் ஒருமுறை தேடிவிட்டு வரலாம்.

வாங்குமுன் ஐந்து நிமிடச் சோதனை. முன்னுரை, அணிந்துரை, பதிப்புரை அனைத்தையும் தாண்டுங்கள். கதையின் முடிவைப் போட்டு உடைக்கும் அணிந்துரைகள் நம் பதிப்புலகின் தீராத வியாதி. முதல் பக்கம், நடுவில் உரையாடல் நிறைந்த ஒரு பக்கம், கடைசிக்கு முந்தைய கால்பகுதியில் ஒன்று என்று மூன்று பக்கம் படியுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் உரையாடலை வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள். மனிதர் பேசுகிற மாதிரி இல்லையென்றால் மூலம் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் வைத்துவிடலாம், அதே நூலுக்கு வேறு தமிழாக்கம் இருக்கக்கூடும். பதிப்பு விவரப் பக்கத்தில் ‘சுருக்கம்’, ‘தழுவல்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஆங்கிலத்தில் 600 பக்கம் ஓடும் நாவல் தமிழில் 180 பக்கம் என்றால் சதை போய் எலும்புதான் வந்திருக்கிறது. கடைசியாக அச்சு. ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கக் கட்டுக்குப் பாரம் என்று பெயர், ஒரு பாரம் 16 பக்கம் என்பது வழக்கம். பைண்டிங்கில் ஒரு பாரம் விடுபட்டோ இரண்டுமுறை சேர்ந்தோ போவதுண்டு. 16, 32, 48 என்று பாரம் மாறும் இடங்களில் பக்க எண் தொடர்கிறதா என்று விரலால் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

உள்ளூர்த் தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் பல கடைக்கே வருவதில்லை. வெளியீட்டு விழாவில் கைக்குக் கை மாறித் தீர்ந்துவிடும். தமிழ் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பில் வரும் விழா அறிவிப்புகளைப் பார்த்துப் போனால்தான் கிடைக்கும். தோட்டப்புற வாழ்வு, சயாம் மரண ரயில், துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்த குடும்பங்கள் என்று தமிழகத்து நூல்களில் காணக் கிடைக்காத விஷயங்கள் இவற்றில்தான் உண்டு.

ஆங்கிலத்துக்கு கேஎல்சிசி சூரியாவின் கினோகுனியா பரந்தது, ஆனால் விலை கையைக் கடிக்கும். அங்கே மாதிரி படித்துவிட்டு, ஜாலான் சுல்தானில் ரெக்ஸ் கேஎல் கட்டடத்தில் இருக்கும் புக்எக்சஸ் போன்ற மலிவு விற்பனைக் கடையில் தேடலாம். பழைய புத்தகத்துக்கு பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வாரயிறுதிச் சந்தை. பினாங்குக்குப் போனால் சௌராஸ்தா சந்தையின் மாடி. பழைய புத்தகத்தைத் திறந்ததும் முகருங்கள். பூஞ்சண வாடை வந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம், வீட்டு அலமாரிக்கே பரவும். இராமபாணப் பூச்சி பற்றிச் சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, உறைபெட்டியில் −18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு முழுநாள் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் தாளில் ஈரம் கோர்க்கும்.

கண்காட்சிகள், குறிப்பாக உலக வணிக மையத்தில் ஆண்டுதோறும் நடக்கும் கோலாலம்பூர் அனைத்துலகப் புத்தக விழா, ஆசையைக் கிளப்பும் இடம். தலைப்புகளைப் படமெடுத்துக்கொண்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அப்போதும் நினைவில் நிற்பவற்றை மட்டும் வாங்குங்கள்.

5. ஒரு கயிற்றைப் பிடித்துப் பல வகைக்குப் போவது

புதிய வகைக்கு வெறுமனே குதிப்பதைவிட, ஏற்கெனவே ஆர்வமுள்ள ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு போவது சுலபம். ரப்பரையே எடுத்துக்கொள்வோம். தோட்டத்து நாவலில் தொடங்குகிறீர்கள். 1877இல் கோலகங்சாரில் ஒன்பது கன்று நட்டதில் தொடங்கும் கதைக்காகத் தாவர வரலாறு. பிரேசில் காட்டிலிருந்து விதை எப்படி வந்தது என்று கேட்டால் அது பயண நூல். ஜப்பானியர் காலத்தில் தோட்டம் என்ன ஆனது என்பது போர் நினைவுக் குறிப்புகளில் இருக்கும்; அங்கிருந்து, 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஆள்பிடித்துப் போன கதை. பாட்டி பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் வேண்டுமா, அது நாட்டார் பாடல் தொகுப்பு. ஆறு வகை, ஒரே மரம். உங்களுக்கு மரம் வேண்டாமென்றால் கிரிக்கெட், மிளகு, ரயில், பசுமாடு எதுவும் ஆகும்.

விருதுப் பட்டியல்களைப் பயன்படுத்துவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1955 முதல் தரப்படும் சாகித்திய அகாதமி பரிசு, பல நேரங்களில் எழுத்தாளரின் மொத்த உழைப்புக்கான மரியாதையாக அமைந்துவிடுகிறது. பரிசு பெற்ற நூலே அவரிடம் நுழையச் சரியான வாசலாக இருக்க வேண்டும் என்பதில்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு, அவருடைய சிறுகதைத் தொகுப்பைத் தேடுங்கள்.

6. எப்போது கைவிடுவது

மேலே சொன்ன நான்சி பேர்லின் விதி புகழ்பெற்றது: 50 வயது வரை 50 பக்கம் படித்துப் பார், அதற்கு மேல் 100இலிருந்து உன் வயதைக் கழித்து, வரும் எண் அளவுக்குப் படித்தால் போதும். 62 வயதுக்காரருக்கு 38 பக்கம். தமிழ் நூலில் இதைக் கதை தொடங்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும், இல்லையென்றால் அணிந்துரையிலேயே பாதி போய்விடும். தொகுப்பு என்றால் மூன்று கதை: முதலாவது, மிகச் சிறியது, நூலின் தலைப்பைத் தாங்கியது. கவிதைக்கு இந்தக் கணக்கே வேண்டாம், எங்கே திறந்தாலும் சரி.

கைவிட்ட பக்கத்தையும் காரணத்தையும் நோட்டில் குறியுங்கள். ‘பக்கம் 41: ஆள் பெயர்கள் குழப்பம்’ என்பது நூலின் மேல் குற்றமில்லை, தாளில் ஒரு குடும்ப மரம் வரைந்துகொண்டு மீண்டும் முயலலாம். ‘பக்கம் 50: யாருக்கு என்ன ஆனாலும் கவலையில்லை’ என்றால் அது முடிந்த கதை. ஒரு வகையில் மூன்று வெவ்வேறு எழுத்தாளர்களைத் தொட்டும் ஒட்டவில்லையென்றால் ஓராண்டு ஆறப்போடுங்கள்.

7. காசில்லாமல், திருடாமல்

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை இலவசம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் குவிந்துகிடக்கின்றன. ஈழத்து எழுத்துக்கு நூலகம் என்ற பெயரிலேயே ஒரு தளம் உண்டு. அந்த வழக்கில் ஒரு சிறுகதை படித்தவர் திரும்பத் திரும்பப் போவார். கிண்டிலில் பல நூல்களின் தொடக்கப் பகுதியை மாதிரியாக இறக்கிப் படிக்கலாம், கடையில் நின்று படிக்கக் கூச்சப்படுபவருக்கு அது வசதி. வாட்சாப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் புதிய நூல்களின் படக்கோப்புகளைத் தொடாதீர்கள். எழுத்தாளரின் சோற்றில் கைவைப்பது ஒருபுறம். பக்கம் விடுபட்டும் சாய்ந்தும் மங்கியும் இருப்பதால், நல்ல நூலைக் கெட்ட நூலென்று நினைத்து மூடிவிடும் அபாயம் மறுபுறம்.

8. நோட்டும் ரசீதும்

நோட்டில் நூலுக்கு ஒரு வரி: பெயர், வகை, மொழி, எந்த வாசல், முடித்ததா நிறுத்திய பக்கமா, யார் சொன்னது. கடைசியில் வரும் ‘யார் சொன்னது’ என்பதுதான் ஆறு மாதத்தில் பொன்னாகும். சொன்னவர்களில் யாருடைய சுவை உங்களுடையதோடு ஒத்துப்போகிறது, யார் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர வேண்டும் என்பது வெளிச்சமாகிவிடும்.

வாங்கிய நூலின் ரசீதைத் தூக்கிப்போடாதீர்கள். வருமானவரியின் வாழ்க்கைமுறைக் கழிவான 2,500 வெள்ளிக்குள் கணினி, கைப்பேசி, இணையக் கட்டணத்தோடு நூல்களும் அடங்கும். ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடைகளில் தரும் வழுவழுப்புத் தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துப்போகும் என்பதால், வீட்டுக்கு வந்த அன்றே படமெடுத்து வைத்துவிடுங்கள்.